டாக்டரம்மாவிடம் சொன்ன நாள்கணக்கு

என் முதல் பிரசவம் முடிந்த எட்டாம் நாள் காலையில் பாய் நனைந்திருந்தது. எழுந்து உட்கார்ந்தால் வழிந்தது. நின்றால் காலோடு இறங்கியது. அடக்கிப் பார்த்தேன். அடக்குவதற்கு வேண்டிய ஏதோ ஒன்று உள்ளே இல்லாமல் போயிருந்தது. குழந்தை செத்துத்தான் பிறந்தது. அதற்கே அழுது முடியவில்லை. அதற்குள் இது.

கொள்ளேகாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்று ஏழாம் மாதமே என்னை மைசூரிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் மைசூரில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து அவர் அப்பா காலத்திலேயே ரயில்வே வேலைக்காகப் போய்க் குடியேறிய குடும்பம். வீட்டில் அவரும், புருஷனை இழந்து வந்திருந்த அவருடைய அக்காவும்தான்.

எனக்கு வலி கண்டது திங்கட்கிழமை விடியற்காலை. குழந்தை வெளியே வந்தது வியாழக்கிழமை சாயங்காலம். நடுவில் புதன்கிழமை மத்தியானம் என் அப்பா வண்டி பூட்டினார். மாட்டின் கழுத்து மணிச் சத்தம் உள்ளே படுத்திருந்த எனக்குக் கேட்டது. கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம் என்றார்.

"ஆசுபத்திரிக்கா? பெரியவளக் கொண்டுபோயி என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா?" என்று அம்மா கத்தினாள். "காய்ச்சலுன்னு கொண்டுபோனோம். பாயில சுத்திக் குடுத்தாங்க. இவளையும் குடுக்கச் சொல்றீங்களா? நான் இருக்கற வரைக்கும் இந்த வண்டி நகராது."

பெரியவள் என்றது என் அக்கா. அம்மா மாட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாளாம். அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மாட்டை அவிழ்த்துவிட்டார். அந்த மணிச் சத்தமும் எனக்குக் கேட்டது.

வயிறு குறுகட்டும் என்று அம்மா எனக்குக் காய மருந்து இடித்துக் கொடுத்தாள், வெந்நீர் ஊற்றினாள், கோயிலுக்குக் காசு முடிந்து வைத்தாள். மருத்துவச்சி மூன்று மாதத்தில் தானாக நின்றுவிடும் என்றாள். மூன்று மாதம் ஆயிற்று. இரண்டு தொடையிலும் தோல் உரிந்து ரணமாகியிருந்தது. என் வீட்டுக்காரர் அழைத்துப்போக வந்தார். வண்டி ஏறுவதற்கு முன் அம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன நாளு வலின்னு கேட்டாங்கன்னா ரண்டு நாளுன்னு சொல்லீரு கண்ணு. நாலுன்னு தெரிஞ்சா உன்ற நாத்தனா உன்னைய வாழ உடமாட்டா. என்ற மூஞ்சியிலயும் முழிக்கமாட்டாங்க."

சரி என்றேன். அவள் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

மைசூர் வீட்டில் நாத்தனார் முதல் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் என் படுக்கையைச் சமையலறைப் பக்கத்திலிருந்து எடுத்து, பின்கட்டில் விறகு அடுக்கிய இடத்துக்கு மாற்றினார். "தப்பா நினைச்சுக்காதம்மா, சாமி விளக்கு இருக்கற எடம்" என்றார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எனக்குச் சாப்பாடு நேரம் தவறாமல் வரும். ஆனால் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, நான் எடுக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். அது எனக்குத் தெரியும்.

நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். குறைவாகக் குடித்தால் குறைவாக நனையும் என்று கணக்கு. நனைவது குறையவில்லை; நாற்றம் கூடியது, எரிச்சல் கூடியது. உதடு வெடித்தது. கோயில், கடை, பக்கத்து வீடு எதற்கும் போகவில்லை. தசராவுக்கு ஊரே வீதியில் நின்றபோது நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். யானைகள் போகிற ஆரவாரம் தூரத்தில் கேட்டது.

அவர் என்னை முதலில் ஒரு பண்டிதரிடம் அழைத்துப்போனார். நாடி பார்த்து, சூடு என்று சொல்லிக் கஷாயம் கொடுத்தார். இரண்டு மாதம் குடித்தேன். பிறகு ஆபீஸில் யாரிடமோ விசாரித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜனைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தார். மூத்திரப்பையில் கல் எடுப்பதில் பெயர் பெற்றவர். இவருடைய மேலதிகாரிக்கே கல் எடுத்தவர். விசாரிக்கும்போது ஆபீஸில் என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்றேன். "எனக்குத்தான் வியாதின்னு சொன்னேன்" என்றார். அதன் பிறகு சில நாள் ஆபீஸில் எல்லாரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம்.

சர்ஜனை அவர் மட்டும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றாமலே பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"கூட்டிட்டு வா, பார்க்கறேன்னார். பார்க்கும்போது படிக்கிற பையன்க எல்லாம் சுத்தி நிப்பாங்களாம். அது பரவாயில்லைன்னு வெச்சுக்கலாம். இந்த மாதிரி ஆபரேஷன் இதுக்கு முன்னால செஞ்சிருக்கீங்களா, எத்தனை பேருக்கு மூடிச்சுன்னு கேட்டேன். அவருக்குக் கோபம் வந்திருச்சு. குமாஸ்தாவுக்கு நான் கணக்கு ஒப்பிக்கணுமான்னு எழுந்திரிச்சுட்டார்."

"ஏனுங்க அப்படிக் கேட்டீங்க?"

"கேக்காம எப்படி? வெட்டறது உன் உடம்பையில்லவா?"

அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவரில்லை. அன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னார்.

சரியான ஆளைக் காட்டிக் கொடுத்தது எங்கள் சலவைக்காரம்மா. என் துணிகளை நானே துவைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காய்ச்சலில் முடியாமல், நாத்தனார் புடவைகளோடு என்னுடையதும் மூட்டையில் போய்விட்டது. அடுத்த வாரம் வந்தவள் நாத்தனார் உள்ளே போகும்வரை காத்திருந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவ்வா, நாச்சிகெ படபேடி" என்றாள். அம்மா, வெட்கப்படாதீங்க என்று அர்த்தம். பிறகு கன்னடமும் தமிழுமாக அவள் சொன்னது இதுதான்: அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு வீட்டு மருமகளுக்கும் இதே கஷ்டம். மூன்று வருஷம் அவள் துணியைத் தனியாகக் கட்டிக் கொடுப்பார்கள். துறையில் தனியாகத்தான் துவைக்க வேண்டும். மிஷன் ஆஸ்பத்திரியில் இருக்கும் வெள்ளைக்கார டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்துத் தைத்தாள். "ஈக அவள பட்டெ எல்லர பட்டெ தர" என்று கையை விரித்துக் காட்டினாள். இப்போது அவள் துணி எல்லார் துணி போலத்தான் வருகிறது என்றாள். பொய் சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது? அந்த வீட்டுத் துணியை அவள்தானே இன்னும் துவைக்கிறாள்.

அவர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டார். டாக்டரம்மா கோபப்படவில்லையாம். செய்திருக்கிறேன், பல பேருக்கு மூடியிருக்கிறது, சில பேருக்கு மூடவில்லை, சில பேருக்கு இரண்டு மூன்று முறை தைக்க வேண்டியிருந்தது, எதுவும் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொன்னாராம். வாக்குக் கொடுக்க முடியாது என்று சொன்னதால்தான் இவருக்கு நம்பிக்கை வந்தது.

வரும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். வருவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும், என்னென்ன தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு பகல் ஓர் இரவுக்கு எத்தனை துணி நனைகிறது என்று எண்ண வேண்டும். தானாக வழிவதைத் தவிர, உட்கார்ந்து போகும்போது கொஞ்சமாவது போகிறதா என்று பார்க்க வேண்டும். ரணத்துக்கு எண்ணெய் தடவ வேண்டும். கொதிக்கவைத்த சீசாவில் கொஞ்சம் மூத்திரம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கடைசியாகச் சொன்னது சுலபமாக இல்லை. எனாமல் பேசினை வைத்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தேன். அவர் சீசாவை வெந்நீரில் போட்டு எடுத்து, கார்க்கைத் தானே அடைத்தார்.

முந்தின நாள் சாயங்காலம் அவர் காகிதமும் பேனாவுமாக என் முன் உட்கார்ந்தார். டாக்டரம்மாவுக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கப் போகிறாராம். அன்று காலை பஸ்ஸில் அம்மாவும் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று அவர்தான் கடிதம் போட்டு வரவழைத்தார். அம்மா சுவரோரம் உட்கார்ந்து பழைய புடவையைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"வயசு?"

"பத்தொம்போது."

"வலி எத்தனை நாள்?"

அம்மா புடவை கிழிப்பதை நிறுத்தினாள்.

"ரண்டு நாளுங்க" என்றேன்.

அவர் எழுதினார். அம்மா மறுபடி கிழிக்க ஆரம்பித்தாள். என் வாழ்க்கையில் அவரிடம் நான் வாய் திறந்து சொன்ன பெரிய பொய் அதுதான். அவர் எழுத்து அழகாக இருக்கும். மை காயும்வரை காகிதத்தை ஆட்டி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஜட்காவில் போனோம். வண்டிக்காரன் ஒன்றும் சொல்லிவிடக் கூடாதென்று அவர் ஆபீஸ் தார்ப்பாயில் ஒரு துண்டு கொண்டுவந்து எனக்கு அடியில் விரித்தார். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்துவிட்டுக் குதிரையை ஓட்டினான். ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளைகள் வாசலோடு நிற்க வேண்டும். அம்மாவையும் வெளியே மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா உயரம். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். கன்னடத்தைப் புத்தகத்தில் படித்தது போல ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார். என்னைக் குப்புற மண்டியிட்டுப் படுக்கவைத்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு நர்ஸ் விளக்கைப் பிடித்தாள். ரப்பர் குழாய் வழியாக நீல மருந்துத் தண்ணீர் ஏற்றி, அது எங்கே கசிகிறது என்று பார்த்தார்கள். வெள்ளைத் துணியில் நீலம் பரவியதை அப்புறம் எனக்கும் காட்டினார். மூத்திரப்பைக்கும் பிள்ளை வருகிற வழிக்கும் நடுவில் இருக்கும் சதை செத்து விழுந்து ஓட்டையாகியிருக்கிறது; குழந்தையின் தலை நகராமல் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்ததால் வந்தது; சாபமும் இல்லை, சூடும் இல்லை என்றார். இதை முதல்முறையாக ஒருவர் எனக்குச் சொன்னார்.

பிறகு கை கழுவி வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் எழுதிய காகிதம் மேஜைமேல் இருந்தது.

"நோவு எஷ்டு தின இத்து?" வலி எத்தனை நாள் இருந்தது என்று கேட்டார்.

"எரடு தின" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இரண்டு நாளில் இவ்வளவு சதை சாவதை நான் பார்த்ததில்லை என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: உன்னைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. சுற்றிலும் எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது, எங்கே ஊசி பிடிக்கும், எங்கே பிடிக்காது என்று நான் கணக்குப் போட வேண்டும். நீ தப்பாகச் சொன்னால் நான் தப்பாகத் தைப்பேன்.

நான் அழுதேன். அப்புறம் நாலு என்றேன். வண்டி பூட்டியதையும் அவிழ்த்ததையும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து இரண்டை அடித்து நாலு என்று எழுதினார்.

பிறகு டாக்டரம்மா என் வீட்டுக்காரரை வாசல் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். நான் பக்கத்து அறையில் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷில் பேசியதால் புரியவில்லை. ஆனால் "ஃபோர்" என்ற சொல் எனக்குத் தெரியும்.

அவர் வெளியே போய் மரத்தடியில் நின்றார். நானும் பின்னாலேயே போனேன். அம்மா எழுந்துகொண்டாள்.

"அத்தை, எத்தனை நாள்?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நாலு நாளுங்க மாப்ளே. அவிய வண்டி பூட்டுனாங்க. நாந்தான் மறிச்சுப்போட்டேன். இவ மேல தப்பில்லீங்க. இவள ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

அவர் தெருவுக்குப் போனார். ஜட்கா பிடித்து எங்களை ஏற்றினார். வீட்டு வாசலில் இறங்கியதும் என்னிடம் மட்டும் சொன்னார்: "அவங்க இங்கயே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில உனக்கு ஆள் வேணும். என்கிட்ட மட்டும் பேச வேண்டாம்னு சொல்லிடு. நம்ம அக்காகிட்ட இதை நான் சொல்லமாட்டேன்."

சொன்னபடி நாத்தனாரிடம் சொல்லவில்லை. சொன்னபடி அம்மாவிடமும் பேசவில்லை. நான்கு வார்த்தை பேசியிருந்தால், திட்டியாவது இருந்தால், அம்மா தாங்கியிருப்பாள். அவர் கூடத்துக்கு வந்தால் இவள் எழுந்து பின்கட்டுக்கு வந்துவிடுவாள். ஒரே வீட்டில் ஆறு வாரம் இப்படி.

அந்த ஆறு வாரம் ரணம் ஆறுவதற்காக டாக்டரம்மா கொடுத்த கெடு. பால், முட்டை, கீரை என்று சாப்பிடச் சொன்னார். முட்டையை நாத்தனார் வீட்டுக்குள் விடமாட்டார். அம்மா பின்கட்டில் மூன்று கல் வைத்து வேகவைத்துக் கொடுத்தாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது அம்மாதான் பக்கத்தில் இருந்தாள். மூத்திரப்பையில் குழாய் வைத்து, அதன் மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே ஒரு சீசாவில் விட்டிருந்தார்கள். குழாய் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் உள்ளே நிறைந்து தையல் பிரிந்துவிடும். சொட்டு நின்றால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தார்கள். அவள் தரையில் உட்கார்ந்து அந்தச் சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதும் அதைத்தான் பார்த்தாள். நான் ஏதாவது பேசினால், "பேசாத கண்ணு, எண்ணிக்கிட்டிருக்கேன்" என்பாள். சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவள் அசந்துவிட்டாள். சுவரில் சாய்ந்து வாய் திறந்து தூங்கினாள். நானும் தூங்கிப்போனேன். அடிவயிற்று வலியில் விழித்துப் பார்த்தால் சொட்டவில்லை. கூப்பிட்டேன். நர்ஸ் ஓடி வந்து குழாயைக் கழுவிவிட்டாள், மறுபடி சொட்டியது. பதினோராம் நாள் காலையில் படுக்கை நனைந்திருந்தது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். ஓர் ஓரத்தில் சதை பிடிக்கவில்லை, முன்பைவிட ஓட்டை சிறியது, சில மாதம் கழித்து மறுபடி தைக்கலாம் என்றார். குழாய் கொஞ்ச நேரம் அடைத்ததால் இல்லை, அந்த இடத்துச் சதையே கெட்டது என்று அம்மாவிடமும் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

"ரண்டு தடவையும் நாந்தான் கண்ணு" என்றாள். "மொதல்ல வண்டிய மறிச்சேன். இப்பத் தூங்கிப்போட்டேன்."

"இல்லம்மா. அவங்கதான் சொல்றாங்கல்ல?"

"அவிய நல்லவிய. அப்பிடித்தான் சொல்லுவாங்க."

என்னை வீட்டில் கொண்டுவந்து விட்ட மறுநாள் காலை பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் ஆபீஸுக்குக் கிளம்பும்வரை பின்கட்டில் காத்திருந்து, அவர் போன பிறகுதான் வெளியே வந்தாள். மழைக்காலத்தில் ஊரில் காய்ச்சல் பரவியது. அம்மாவுக்கும் வந்தது. அப்பா வண்டி பூட்டவே இல்லையாம். ஆஸ்பத்திரி வேண்டாமென்று முதல்நாளே சத்தியம் வாங்கிக்கொண்டுவிட்டாள். அவள் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தபோது எனக்கு நடமாட்டம் சரியில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் போனார். திரும்பி வந்து, எல்லாம் முறைப்படி நடந்தது என்றார். அன்று இரண்டு வேளை அவர் சாப்பிடவில்லை.

மாசி மாதம் இரண்டாம் முறை தைத்தார்கள். இந்த முறை கூட இருந்தது நாத்தனார். ஆமாம், அவரேதான். தானாகவே வந்து, மூக்கைப் பொத்தாமல் பதினான்கு நாள் உட்கார்ந்திருந்தார். குழாயை எடுத்த அன்று டாக்டரம்மா என்னை நடக்கச் சொன்னார். வார்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தேன். துணி உலர்ந்திருந்தது. மறுநாளும் உலர்ந்திருந்தது. பலமாக இருமினால் கொஞ்சம் கசியும். அது இன்றுவரை உண்டு. அதற்குப் பிறகு எனக்குக் கரு தரிக்கவில்லை. நாத்தனார் சில வருஷம் வேறு பெண் பார்க்கச் சொல்லி அவரை நச்சரித்தார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குணமாகி இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனோம். வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். ஒரு வருஷத்தில் பத்து வயது கூடியது போல இருந்தார். என் வீட்டுக்காரருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"செரியாப் போச்சா?"

"போச்சுங்கப்பா."

"சுத்தமா?"

"ஆமாங்கப்பா."

அவர் தலையாட்டினார். சொம்பைத் திரும்ப வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "அவ சொன்னான்னு நான் மாட்ட அவுத்திருக்கக்கூடாது. நாந்தான ஆம்பள" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் உள்ளே போய் அடுப்பு மூட்டினேன். மூன்று பேருக்கும் சோறு வைக்க அரிசி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அம்மா வைக்கும் இடத்தில் எதுவும் இல்லை.